பழைய கார் போல் புதிய கார் உழைக்குமா?

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் மும்பை சாலைகளில் இருந்து ஒரு கார் விடைபெற்றது. கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஓடிய பிரிமியர் பத்மினி டாக்ஸிதான் அது. நம்மவர்கள் அதைக் கடைசி வரை "பியட்" என்றே அழைத்தார்கள். நகரில் அந்த ரகத்தின் கடைசி டாக்ஸி பதிவானது 2003-ஆம் ஆண்டு அக்டோபரில். டாக்ஸிக்கு 20 ஆண்டு ஆயுள் என்பது விதி. ஆயுள் முடிந்தது. வண்டி ஓய்வு பெற்றது.

அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. தாதர் ஸ்டேஷன் வாசலில், மாட்டுங்கா ஓட்டல் பெஞ்சில், தாராவி டீக்கடையில் என்று நாலு தமிழர்கள் கூடும் இடமெல்லாம் இதே பேச்சுதான். "அதுவல்லவா வண்டி! முப்பது வருஷம் ஓட்டினாலும் அசையாது. இப்போது வருவதெல்லாம் தகர டப்பா" என்கிறார் தலை நரைத்த டிரைவர். "அண்ணாச்சி, உங்கள் வண்டியில் பாதி நாள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதானே நின்றீர்கள்?" என்று மடக்குகிறார் புது வண்டி ஓட்டும் இளைஞர்.

இது வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இந்த நகரில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிழைக்கும் தமிழர்கள் பல்லாயிரம் பேர். ஸ்பானரைப் பிடித்துப் பிழைப்பவர்களும் உண்டு. ஓய்வுபெறும் குமாஸ்தா ஒருவர் பிராவிடண்ட் பண்டில் ஒரு பகுதியை எடுத்து வாழ்க்கையின் முதல் காரை வாங்குகிறார். ஊரில் நிலத்தை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கி டாக்ஸி எடுக்கிறார் இன்னொருவர். எந்த வண்டியை நம்பலாம் என்ற கேள்வியில் இவர்கள் வீட்டு அடுப்பே அடங்கியிருக்கிறது. ஆகவே ஆசாபாசம் இல்லாமல் இதைப் பார்க்க வேண்டும்.

மூன்று கார் காலம்

1960-களிலும் 70-களிலும் இந்தியாவில் ஓடிய கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் தயாரான அம்பாசடர், நம் குர்லாவில் தயாரான பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் புது வண்டி கைக்கு வரும். கிடைத்ததே பெரிது என்று இருந்த காலத்தில் அதன் குறையைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஆனால் அப்போதும் பேசினார்கள் என்பதே உண்மை. கார்களின் தரம் மோசம் என்ற புகார்கள் பெருகியதால், 1960-களின் பிற்பகுதியில் அதை விசாரிக்க மத்திய அரசு ஒரு குழுவையே அமைத்தது. இன்று நாம் தலையில் தூக்கி வைத்து ஆடும் அதே கார்களைப் பற்றித்தான் அந்தக் காலத்து மக்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

பியட்டை ஓட்டியவர்களுக்கு அதன் அன்றாடச் சடங்குகள் தெரியும். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தேய்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடைவெளி வைக்க வேண்டும். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் கழற்றி ஊத வேண்டும். கண்டாலா மலைப்பாதையில் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை என்ஜினை இறக்கிப் போர் செய்ய வேண்டும். கடற்காற்று அடிக்கும் இந்த ஊரில் கால் வைக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, கீழே ரோடு தெரிந்த வண்டிகளும் உண்டு.

இந்த வேலைகளை எல்லாம் அன்றைய டிரைவர் "ரிப்பேர்" என்று கணக்கில் வைக்கவில்லை. குளிப்பது, சாப்பிடுவது போல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. அதனால்தான் "என் வண்டி ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை" என்று அவரால் மனசாட்சியோடு சொல்ல முடிகிறது.

நினைவு செய்யும் மயக்கம்

இன்னொரு விஷயமும் உண்டு. நம் ஊரில் நூறு வருஷத்துக் காரை வீடு ஒன்றைப் பார்த்தால், "அந்தக் காலத்துக் கட்டடமே தனி" என்கிறோம். அதே தெருவில் அதே ஆண்டு கட்டி, இடிந்து மண்ணாய்ப் போன வீடுகள் நம் கண்ணில் படுவதில்லை. கார் விஷயமும் அதுதான். 2023 வரை ஓடிய சில பத்மினி வண்டிகளைப் பார்த்து எல்லாமே அப்படி உழைத்ததாக நினைக்கிறோம். இடையில் கழித்துக் கட்டப்பட்டு, காயலான் கடையில் எடை போட்டு விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான வண்டிகள் பேச வருவதில்லை.

தப்பிப் பிழைத்த வண்டியும் பழைய வண்டியாகவா இருந்தது? என்ஜினை ஒரு முறை மாற்றினார்கள். கியர் பாக்ஸை இன்னொரு வண்டியில் இருந்து கழற்றிப் போட்டார்கள். பெட்ரோல் போய் சி.என்.ஜி. வந்தது. கதவு புதிது, தரைத் தகடு புதிது, சீட்டும் புதிது. நம்பர் பிளேட்டும் முதலாளியின் பிடிவாதமும்தான் பழையவை.

புதிய காரின் கணக்கு

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி. கொள்ளளவில் மூன்று சிலிண்டர் கொண்ட சின்னஞ்சிறு வண்டி. "தீப்பெட்டி மாதிரி இருக்கிறது, நாலு பேர் உட்கார்ந்தால் அமுங்கிவிடும்" என்று அப்போதும் பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தத் தீப்பெட்டிதான் அடுத்த 30 ஆண்டு இந்தியாவையே ஓட்டியது. இன்று அதையே "அந்தக் காலத்து நல்ல கார்" என்கிறார்கள். இன்னும் 20 ஆண்டு போனால் இன்றைய காரையும் அப்படித்தான் சொல்வார்கள்.

2000-ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது கார்புரேட்டர் மெல்ல விடைபெற்று, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை பரவியது. பாயிண்டும் போயிற்று, சோக்கும் போயிற்று. தள்ளி ஸ்டார்ட் செய்யும் காட்சியே அபூர்வமாகிவிட்டது. இன்று பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும். மூன்று ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தரும் கம்பெனிகள் உண்டு. சீக்கிரம் நின்றுபோகும் வண்டிக்கு எந்த வியாபாரியும் இப்படிக் கையெழுத்துப் போட மாட்டான்.

வெளிநாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது 2023-ல் 12 ஆண்டுகளைத் தாண்டியது. 1970-களில் அது ஏறக்குறைய இதில் பாதிதான். வண்டிகள் முன்னைவிட நீண்ட காலம் உழைக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உயிர்ப் பாதுகாப்பும் நம்பிக்கையில் அடக்கம்தான். "பழைய காரின் தகடு கெட்டி, மோதினால் எதிரிலிருப்பதுதான் நசுங்கும்" என்று பெருமை பேசுவார்கள். தகடு நசுங்காவிட்டால் அந்த அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருக்கும் மனிதனுக்குத்தான் போய்ச் சேரும். இன்றைய காரின் முன்பகுதி தானே நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்படுகிறது. 2019-ல் டிரைவர் பக்கத்துக்குக் காற்றுப்பை கட்டாயமானது. பத்மினி டாக்ஸி விடைபெற்ற அதே 2023 அக்டோபரில்தான், புதிய கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திர மதிப்பெண் தரும் பாரத் என்கேப் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

ஆக, அடிக்கடி நிற்காமல் ஓடுவது எது என்று கேட்டால் புதிய கார்தான். இதில் வழக்கே இல்லை.

பெரியவர் சொல்வதிலும் நியாயம்

அப்படியானால் தலை நரைத்த டிரைவர் சொல்வது வெறும் பிதற்றலா? இல்லை. அவர் வேறொன்றைச் சொல்ல வருகிறார். சொல்லத் தெரியாமல் "தகர டப்பா" என்கிறார்.

பியட் நின்றால் நின்ற இடத்திலேயே எழுந்துவிடும். பெட்ரோல் டாங்க் ஒழுகினால் ஒரு துண்டு சோப்பை அழுத்தி அடைத்துவிட்டு வீடு போய்ச் சேரலாம். அந்தோப் ஹில்லிலோ செம்பூரிலோ மரத்தடியில் ஒரு பெட்டியும் பத்து ஸ்பானரும் வைத்திருக்கும் மெக்கானிக், என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே நோயைச் சொல்வார். பழைய சாமான் வேண்டுமா? சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, மும்பைக்குக் குர்லா சி.எஸ்.டி. சாலை அப்படி. காலையில் நின்ற வண்டி மாலையில் சவாரிக்குப் போகும்.

புதிய கார் அபூர்வமாகத்தான் நிற்கும். ஆனால் நின்றால் பெரும்பாலும் இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எதற்காக எரிகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. மரத்தடி மெக்கானிக்குக்கும் தெரியாது. ஸ்கேனர் கருவியைச் செருகிப் பார்த்தால்தான் தெரியும். சில கோளாறுகளுக்குக் கம்பெனியின் சொந்தக் கருவியும் அதன் ரகசிய எண்ணும் வேண்டும். முன்பு ஹெட்லைட் போனால் பல்பு மாற்றினோம். இன்று பல கார்களில் எல்.இ.டி. விளக்கைக் கூட்டோடு மாற்றச் சொல்கிறார்கள். சிறு பிழைக்கும் பெரிய பில் வருகிறது.

மழைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைத் தமிழன் எவனும் மறக்க மாட்டான். அந்த அளவு இல்லாவிட்டாலும் ஹிந்த்மாதாவிலும் சயானிலும் குர்லாவிலும் ஆண்டுதோறும் தண்ணீர் நிற்கிறது. பழைய காரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்துக் காய வைத்தால் பல தடவை வண்டி கிளம்பிவிடும். புதிய காரில் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் வயர் இணைப்புகளுக்கும் சேற்றுத் தண்ணீர் போய்விட்டால் துடைத்துப் பயனில்லை. மாற்றத்தான் வேண்டும்.

டீசல் கார் வாங்கியவர்களுக்கு மற்றொரு தொல்லை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதிக்குப் பின் டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால் அந்தச் சூட்டில் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். தாதருக்கும் சயானுக்கும் இடையே ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடு போதாமல் அடைத்துக்கொள்ளும். வண்டி மேல் தவறில்லை. இந்த ஊர் நெரிசலுக்கு அது ஏற்ற வண்டியில்லை என்று விற்றவர் சொல்லவில்லை என்பதுதான் தவறு.

கடனில் டாக்ஸி எடுத்தவருக்கு இதெல்லாம் என்ன பொருள்? ஒர்க்‌ஷாப்பில் "சாமான் வரவில்லை, பத்து நாள் ஆகும்" என்றால், அந்தப் பத்து நாளும் சவாரி இல்லை. வங்கித் தவணை மட்டும் நிற்பதில்லை. ஆண்டு முழுவதும் வண்டி நன்றாக ஓடியதும் அந்தப் பத்து நாளில் மறந்துபோகும்.

"புதியது" எல்லாம் ஒன்றல்ல

புதிய கார் என்பதற்கும் புத்தம் புதிய மாடல் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. 1985-ல் சென்னையில் இருந்து ஸ்டாண்டர்டு 2000 என்ற கார் வந்தது. இங்கிலாந்து ரோவர் காரின் அழகான உடம்பு. உள்ளேயோ பழைய தலைமுறை 1,991 சி.சி. என்ஜின். விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1988-ல் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆடம்பரமாகப் பணம் கட்டியவர்கள் பிறகு உதிரி சாமானுக்கு அலைந்தார்கள்.

இன்றும் அந்தப் பாடம் பொருந்தும். கடைக்கு வந்த முதல் மாதமே ஒரு மாடலை வாங்குபவர், கம்பெனிக்காகச் சோதனை ஓட்டம் ஓட்டுபவர் ஆகிறார். ஒன்றிரண்டு ஆண்டு ஓடி, குறைகள் வெளியே வந்து, திருத்தப்பட்ட மாடலை வாங்குவதே ஏழை எளியவருக்கு நல்லது. குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவிட, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. தம் வண்டியின் சேஸிஸ் நம்பர் அப்படி ஒரு பட்டியலில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டியது வாங்கியவர் கடமை. அந்த வேலைக்குக் காசு கிடையாது.

ரயில்வே காட்டும் வழி

பழைய காரைத் திரும்பக் கொண்டு வா என்று கேட்பதில் பயனில்லை. நீராவி என்ஜினைத் திரும்பக் கொண்டு வா என்று யாராவது கேட்கிறார்களா? 1925 பிப்ரவரி 3-ந் தேதி விக்டோரியா டெர்மினசில் இருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. அன்று 1,500 வோல்ட் நேர் மின்சாரம். பிறகு மும்பை ரயில் பாதைகள் படிப்படியாக 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாறின. கடைசியாக 2016-ல் ஹார்பர் லைனும் மாறியது. வண்டிகளும் அடியோடு மாறிவிட்டன.

ஆனால் ஒன்று மாறவில்லை. ரிப்பேர் செய்யும் அறிவை ரயில்வே தன் கையில் வைத்துக்கொண்டது. பழைய வண்டிகளைப் பார்த்த பணிமனைகளிலேயே புதிய வண்டிகளையும் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வரைபடம் அவன் கைக்கு வந்தது. கார் விஷயத்தில் இதற்கு நேர்மாறாக நடந்துவிட்டது. வண்டி மாறியது, வரைபடம் கம்பெனிப் பெட்டிக்குள் போய்விட்டது. மரத்தடி மெக்கானிக் கைகட்டி நிற்கிறார். குறை அவர் மூளையில் இல்லை. அவருக்கு வரைபடம் கொடுக்கப்படவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு வழி காட்டப்பட்டிருக்கிறது. உதிரி சாமான்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்துக்கொண்டதாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை "ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை" என்ற பெயரில் ஒரு தகவல் ஏற்பாட்டைத் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநில மக்களோ 2012-லேயே வாக்களித்து, ரிப்பேர் விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நாம் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை.

கேட்க வேண்டியவை மூன்று. உதிரி சாமான் நியாய விலையில் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்கும் விவரங்களும் கருவிகளும் கட்டணத்துக்காவது வெளியே கிடைக்க வேண்டும். ஒரு மாடலை நிறுத்திய பிறகும் இத்தனை ஆண்டு வரை சாமான் தருவோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்ஸி யூனியன்கள் கட்டண உயர்வுக்குக் கொடி பிடிப்பதோடு இதற்கும் கொடி பிடிக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. இன்றைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். எளிய ஸ்கேனர் இன்று நாலு மெக்கானிக்குகள் சேர்ந்தால் வாங்கக் கூடிய விலைதான். இதோடு எல்லாக் கோளாறும் தீர்ந்துவிடாது. ஆனால் விளக்கு எதற்காக எரிகிறது என்பதாவது தெரியும். தாராவியிலும் செம்பூரிலும் நடக்கும் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு பட்டிமன்றத்தைக் குறைத்துக்கொண்டு, ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தும் ஒருவரை அழைத்து, நம் மெக்கானிக்குகளுக்கு மாலை வகுப்பு நடத்தினால் என்ன? அப்பாவின் ஸ்பானர் பெட்டியை மகன் மதிக்க வேண்டுமானால், அந்தப் பெட்டியில் ஒரு ஸ்கேனரும் இருக்க வேண்டும்.

முடிவாக

புதிய கார் பழைய காரைவிட நன்றாக உழைக்கிறது. குறைவாக நிற்கிறது. மோதினால் உயிரைக் காக்கப் பார்க்கிறது. இதை மறுப்பது நன்றி கெட்ட பேச்சு. ஆனால் நின்றுபோன காரை எழுப்பும் உரிமை அதன் சொந்தக்காரனிடம் இல்லாத வரை, அவன் அந்தக் காரை முழு மனதோடு நம்ப மாட்டான்.

தாதர் டாக்ஸி ஸ்டாண்டில் இன்றும் அந்தத் தலை நரைத்த டிரைவர் நிற்கிறார். இப்போது அவர் ஓட்டுவது புதிய சி.என்.ஜி. வண்டி. "இதில் ஒரு வருஷமாய் நான் பானெட்டைத் திறக்கவே இல்லை தம்பி" என்று பெருமையாகத்தான் சொல்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "திறந்தாலும் எனக்கு ஒன்றும் புரியாது" என்கிறார். அவர் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிராத நாளில் பழைய காரா, புதிய காரா என்ற பேச்சு தானாகவே ஓய்ந்துவிடும்.